கல்விக் கடன்களை ஒன்றாக்குவதா, தனித்தனியே அடைப்பதா? மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்பங்களுக்கான ஓர் ஒப்பீடு

உயர்தரத்தில் சித்தியடைந்தும் வெட்டுப்புள்ளி போதாமல் அரச பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளையைப் பட்டதாரியாக்க முயலும் குடும்பம் ஒரே கடனோடு நிற்பது அரிது. முதலில் அரசின் வட்டியில்லா மாணவர் கடன். அது போதாத செலவுக்குத் தகப்பனின் பெயரில் வங்கிக் கடன். லப்டொப்புக்கும் தங்குமிடத்துக்கும் நிதிக் கம்பனியில் ஒரு தொகை. இறுதி ஆண்டுக் கட்டணத்துக்குத் தாயின் நகை அடகு. படிப்பு முடிந்து வேலை கிடைத்ததும் மாதத்தில் மூன்று, நான்கு தவணைத் திகதிகள் வந்து நிற்கின்றன. எல்லாவற்றையும் அடைத்துவிட்டு ஒரே கடனாக வைத்துக்கொண்டால் என்ன என்ற கேள்வியைச் செங்கலடியிலிருந்து திருக்கோவில் வரை பல வாசகர்கள் கேட்கிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் ஒன்றாக்கக் கூடாது. புதிய கடனைவிட வட்டி கூடியவற்றை மட்டும் ஒன்றாக்கலாம். அதுவும் எஞ்சியுள்ள காலத்தை நீட்டாமல் செய்தால்தான் இலாபம். இந்த முடிவுக்கு விலக்கான சந்தர்ப்பங்களும் உண்டு என்பதால், காரணங்களை விரிவாக எழுதுகிறேன்.

இக்கேள்வி இப்போது எழுவதற்கு வலுவான ஒரு காரணம் இருக்கிறது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டிவீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. வங்கிகள் மத்திய வங்கியிடம் கடன் பெறும் வட்டியான துணைநில் கடன்வழங்கல் வசதி வீதம் அன்று 14.5 சதவீதமாகி, 2023 மார்ச்சில் 16.5 வரை சென்றது. அதன் பிறகு படிப்படியாகக் குறைந்து, 2024 நவம்பரில் புதிய முதன்மைக் கொள்கை வட்டியாக அறிமுகமான ஓரிரவுக் கொள்கை வீதம் 8 சதவீதமாகவும் 2025 மே மாதத்தில் 7.75 சதவீதமாகவும் நிர்ணயிக்கப்பட்டது. நெருக்கடிக் காலத்தில் நிலையான வட்டிக்குக் கடன் எடுத்தவர்கள், சந்தை வட்டி இறங்கிய பின்பும் பழைய வீதத்திலேயே கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கடனை மாற்றுவது உண்மையாகவே பயன் தரக்கூடும். வட்டியில்லாக் கடனை வைத்திருப்பவருக்கு இந்த இறக்கத்தால் எந்த நன்மையும் இல்லை.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதலாவது அளவுகோல், கடைசித் தவணை வரை கையிலிருந்து போகும் மொத்தத் தொகை. மாதத் தவணை குறைவதைக் காட்டித்தான் கடன் உத்தியோகத்தர்கள் பேசுவார்கள். தவணை குறைவதற்கு வட்டி குறைந்தது காரணமாக இருக்கலாம்; காலம் நீண்டது மட்டுமே காரணமாகவும் இருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காமல் முடிவெடுக்க முடியாது.

இரண்டாவது, வட்டி கணக்கிடப்படும் முறை. குறைந்துசெல்லும் மீதிக்கு வட்டி போடுவது ஒன்று. எடுத்த முழுத் தொகைக்கும் கடைசி வரை வட்டி போடுவது மற்றொன்று. 300,000 ரூபாவுக்கு மூன்று ஆண்டுகள் '12 சதவீதம்' என்று முழுத் தொகைக்கும் வட்டி போட்டால், வட்டி மட்டும் 108,000 ரூபா. மாதத் தவணை 11,333 ரூபா. இதைக் குறைந்துசெல்லும் மீதிக் கணக்குக்கு மாற்றினால், உண்மையான ஆண்டு வட்டி 21 சதவீதத்துக்குச் சற்று மேல் வருகிறது. ஆகவே 12 என்று எழுதிய நிதிக் கம்பனிக் கடன், 16 என்று எழுதிய வங்கிக் கடனைவிட மலிவானதென்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வட்டி நிலையானதா, மாறுவதா என்பதையும் இதனோடு சேர்த்துக் கேட்க வேண்டும். சராசரி நிறையேற்றப்பட்ட முதன்மைக் கடன்வழங்கல் வீதத்தோடு, அதாவது வங்கிகள் தம் முதன்மை வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் கடன்களின் சராசரி வட்டியோடு, ஒரு பங்கு கூட்டி எழுதப்பட்ட ஒப்பந்தம், 2022 போன்ற இன்னோர் ஆண்டு வந்தால் அதனோடு சேர்ந்து ஏறும்.

மூன்றாவது, பழைய கடனிலிருந்து வெளியேறும் செலவும் புதிய கடனுக்குள் நுழையும் செலவும். நான்காவது, கடனை யாருடைய தோள் தாங்குகிறது என்பது: பிணை நின்றவர் யார், ஈடாக இருப்பது எது. ஐந்தாவது, பழைய கடனில் இருந்த சலுகைகளில் எவை கைவிட்டுப் போகின்றன என்பது. ஆறாவது அளவுகோல் எமது பகுதிக்கு முக்கியமானது: வருமானம் மாதச் சம்பளமா, போகத்துக்குப் போகம் வருவதா, வெளிநாட்டிலிருந்து வந்தும் வராமலும் இருப்பதா?

## வழி 1: தனித்தனியே வைத்து, வட்டி கூடியதை முதலில் அடைத்தல்

இதற்குப் புதிய பத்திரம் எதுவும் தேவையில்லை. எல்லாக் கடன்களுக்கும் கட்டாயத் தவணையைக் கட்டிக்கொண்டு, மிஞ்சும் பணம் முழுவதையும் வட்டி மிகக் கூடிய கடனுக்குச் செலுத்த வேண்டும். அது தீர்ந்ததும் அந்தத் தவணைப் பணமும் அடுத்த கடனுக்குச் சேர்கிறது. மேலதிகமாகக் கட்டும் பணத்தைக் கடனின் முதல் தொகையிலிருந்து கழிக்குமாறு எழுத்தில் அறிவித்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் அதை வரப்போகும் தவணைகளுக்கான முற்பணமாக வைத்துக்கொள்ள இடமுண்டு.

வட்டியில்லா மாணவர் கடன் வைத்திருப்பவர்கள் அந்தக் கடனைப் பொறுத்தவரை இந்த வழியில்தான் இருக்க வேண்டும். அதன் வட்டியை அரசு வங்கிக்குச் செலுத்துகிறது; மாணவர் திருப்பிக் கொடுப்பது முதல் தொகையை மட்டுமே. 600,000 ரூபா மீதியுள்ள அத்தகைய கடனை 14 சதவீத வட்டியில் ஐந்தாண்டுத் தனிநபர் கடனுக்குள் சேர்த்தால், இன்று ஒரு சதமும் வட்டியில்லாத தொகைக்கு 237,000 ரூபாவுக்கு மேல் வட்டி கட்ட நேரிடும். 'ஒரே திகதி, ஒரே தவணை' என்ற வசதிக்கு இது மிகப் பெரிய விலை. அந்த வசதி மட்டும்தான் வேண்டுமென்றால், சம்பளம் விழும் கணக்கிலிருந்து ஒவ்வொரு மாதமும் தவணைகளை வங்கியே கழித்துக் கட்டும் ஏற்பாட்டை எழுதிக்கொடுத்தால் போதும்.

அறுவடை வருமானத்தில் கடன் கட்டும் குடும்பங்களுக்கும் இந்த வழி பொருந்துகிறது. பெரும்போக வேளாண்மை வெட்டி மாசி, பங்குனியில் கையில் காசு வரும்போது ஒரு கடனை முழுதாக முடித்துவிடலாம். ஆவணிச் சிறுபோகத்துக்குப் பிறகு அடுத்ததைப் பார்க்கலாம். ஒரே பெரிய கடனாக்கியவருக்கு, இடைப்பட்ட வறண்ட மாதங்களிலும் பெரிய தவணை தவறாமல் வந்து நிற்கும்.

இதன் குறை, ஒழுங்கு தளர்ந்தால் தாமதக் கட்டணம் பல இடங்களில் ஏறுவதும், எந்த ஒரு கடனிலும் தவறியது கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில், அதாவது எல்லோரும் சொல்லும் கிரிப்பில், பதிவாவதும் ஆகும்.

## வழி 2: ஒரே தனிநபர் கடனாக்குதல்

நிரந்தரச் சம்பளம் உள்ளவருக்கு வங்கிகள் விரும்பித் தரும் வழி இது. கணக்கைக் கண்ணால் பார்ப்பதற்காக ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். ஒருவரிடம் 24 சதவீத நிலையான வட்டியில் 400,000 ரூபா வங்கிக் கடன், இன்னும் 36 மாதங்களுக்கு இருக்கிறது; தவணை ஏறத்தாழ 15,690 ரூபா. 30 சதவீதத்தில் 150,000 ரூபா நிதிக் கம்பனிக் கடன், இன்னும் 24 மாதங்களுக்கு இருக்கிறது. தவணை ஏறத்தாழ 8,390 ரூபா. இரண்டையும் இப்படியே கட்டி முடித்தால் மொத்தம் ஏறத்தாழ 766,000 ரூபா போகும்.

இவ்விரண்டையும் 14 சதவீதத்தில் 550,000 ரூபா புதிய கடனாக்கி, 36 மாதங்களில் கட்டினால் தவணை 18,800 ரூபா அளவில் இருக்கும். மொத்தம் ஏறத்தாழ 677,000. மிச்சம் 89,000 ரூபாவுக்கு மேல். அதே கடனை அதே 14 சதவீதத்தில் ஏழு ஆண்டுகளுக்கு நீட்டினால் தவணை 10,300 ரூபாவாக இறங்கும். மொத்தமோ 866,000 ரூபாவைத் தொடும். வட்டி பத்துப் புள்ளிகளோ அதற்கு மேலோ குறைந்தும், பழைய நிலையைவிட ஒரு இலட்சம் ரூபா அளவு கூடுதலாகப் போகிறது! கடன் உத்தியோகத்தர் மேசையில் வைக்கும் தாளில் 10,300 என்ற இலக்கம்தான் பெரிதாகத் தெரியும். மாறாக, கடனை ஒன்றாக்கிய பின்னரும் முன்பு கட்டிவந்த 24,080 ரூபாவையே விடாமல் கட்டினால் 27 மாதங்களில் கடன் முடிந்துவிடும். ஆகவே பகுதியாக முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் உண்டா என்பதைக் கையொப்பமிட முன்னர் கேட்க வேண்டும்.

மறைந்த செலவுகளைப் பார்ப்போம். பழைய கடனைத் தீர்ப்பதற்கான மீதிக் கடிதத்தைக் கையில் எடுத்து வரி வரியாக வாசியுங்கள்: மீதி முதல் தொகை, குறித்த திகதி வரையான வட்டி, தாமதக் கட்டணம், முன்தீர்ப்புக் கட்டணம் (காலத்துக்கு முன் கடனைத் தீர்ப்பதற்கான கட்டணம்), கடிதம் செல்லுபடியாகும் கடைசி நாள். முன்தீர்ப்புக் கட்டணம் 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மேலே சொன்ன கடன்களுக்கு அது 16,500 ரூபா. புதிய கடன் அந்தக் கடைசி நாளுக்குப் பிறகு கைக்கு வந்தால் மீதி மாறிவிடும். சில ஆயிரம் ரூபா குறைந்து, பழைய கடன் மூடப்படாமல் தொங்கும். புதிய பக்கத்தில் ஆவணக் கட்டணமும், கடன் எடுத்தவர் இறந்தால் மீதியைத் தீர்க்கும் காப்புறுதிக் கட்டணமும் உண்டு. பழைய கடனுக்கு ஏற்கனவே முழுதாகக் கட்டிய காப்புறுதியில் எஞ்சிய காலத்துக்கு ஏதும் திரும்பக் கிடைக்குமா என்று கேட்பவர் குறைவு, கேளுங்கள்.

பிணையாளர் விடயத்தை நான் மிகவும் பாரமாகக் கருதுகிறேன். எமது பகுதியில் ஆசிரியருக்கு ஆசிரியர், மச்சானுக்கு மச்சான் என்று பிணை நிற்பதே வழக்கம். தகப்பனின் கடனுக்கு நின்ற பிணையாளர் அதே கடனுக்குத்தான் பொறுப்பு. புதிய, பெரிய கடனுக்குப் புதிதாகக் கையொப்பம் கேட்க வேண்டும். அவர் நின்ற பிணை அவருடைய கிரிப் அறிக்கையிலும் தெரியும். நாளை அவருடைய வீட்டுக் கடனுக்கு அது தடையாகலாம். இன்னொன்றும் நடக்கிறது. தகப்பனின் பெயரிலிருந்த கடன் ஒன்றாக்கும்போது பிள்ளையின் பெயருக்கு வந்துவிடுகிறது. வேலை செய்யும் பிள்ளை அதை மனமுவந்து ஏற்கலாம். ஆனால் திருமணமாகிப் போகவிருக்கும் மகள் ஒருத்தியின் பெயரில் ஏழாண்டுக் கடன் விழுவது என்னவென்பதைக் குடும்பம் உட்கார்ந்து பேச வேண்டும்.

## வழி 3: நகையையோ காணியையோ வைத்து மற்றவற்றை அடைத்தல்

நகை அடகு விரைவானது, பிணையாளர் தேவையில்லை, கிரிப்பில் பழைய தவறுகள் உள்ளவருக்கும் கதவு திறந்திருக்கும். 30 சதவீத வட்டியில் எரியும் நிதிக் கம்பனிக் கடனை, அதைவிடக் குறைந்த வட்டியில் நகையை வைத்து ஒரேயடியாக அடைப்பது, அடுத்த வெட்டுக்குள் மீட்கக்கூடிய குடும்பத்துக்கு நல்ல வழியாக அமையலாம். அடகு பொதுவாக ஓராண்டுக் காலத்துக்கானது. தவணை முறையில் முதல் குறைவதில்லை. ஆண்டு முடிவில் வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே போனால் முதல் அப்படியே நிற்கும். புதுப்பிக்கவும் தவறினால் ஏலத்துக்குப் போகும். அடகுத் துண்டில் எழுதப்பட்ட நிறை, மதிப்பு, ஏல அறிவித்தல் வரும் முகவரி ஆகியவற்றைச் சரிபாருங்கள். பழைய முகவரிக்கு அறிவித்தல் போனதால் தாலிக்கொடியை இழப்பது தவிர்க்கக்கூடிய துயரம்.

காணி ஈட்டைப் பற்றி நான் சொல்வது கடுமையாகவே இருக்கும். அம்பாறையின் குடியேற்றப் பகுதிகளிலும் மட்டக்களப்பின் படுவான்கரையிலும் பலரிடம் இருப்பது பேர்மிட் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் வழங்கிய காணி. அதை உறுதிக் காணி போல ஈடு வைக்க முடியாது. 'பேர்மிட்டைக் கொண்டுவந்து தாருங்கள், நாங்கள் வைத்துக்கொள்கிறோம்' என்று சொல்லும் தனியாரிடம் அதைக் கொடுப்பது சட்டப் பாதுகாப்பு எதுவுமில்லாத செயல். உறுதிக் காணியாக இருந்தால் உறுதிப் பரிசோதனை, நொத்தாரிசு கட்டணம், முத்திரைத் தீர்வை, மதிப்பீட்டுக் கட்டணம் என்று செலவு ஏறும். ஐந்தாறு இலட்சக் கடனுக்கு அந்தச் செலவு வட்டி மிச்சத்தின் பெரும் பகுதியை விழுங்கிவிடும். வீட்டுவளவு பெண்பிள்ளைக்கே போகும் வழக்கமுள்ள எமது கரையில், அண்ணனின் பட்டப்படிப்புக் கடனுக்குத் தங்கச்சியின் சீதன வீட்டை ஈடு வைப்பது அவளுடைய எதிர்காலத்தை அவளைக் கேளாமல் அடகு வைப்பதாகும். இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## வழி 4: அதே நிறுவனத்திடம் தவணை மாற்றம் கேட்டல்

வேலை இழந்தவர், வெள்ளத்தில் வேளாண்மை அழிந்தவர், மகப்பேற்றால் வருமானம் குறைந்தவர் ஆகியோர் புதிய கடன் தேடுவதற்கு முன் பழைய நிறுவனத்துக்கு எழுத்தில் விண்ணப்பிப்பது நல்லது. வட்டிவீதத்தைச் சந்தைக்கேற்ப மீளாய்வு செய்யும்படி கேட்பதற்கும் தடையில்லை; வேறு வங்கியின் குறைந்த வீதக் கடிதத்தைக் காட்டிக் கேட்டால் மறுக்கும் வங்கியும் யோசிக்கும். ஆனால் தவணை தவறிய பின் செய்யும் மறுசீரமைப்பு கிரிப் அறிக்கையில் பதிவாகலாம். ஆகவே முதல் தவணை தவறுவதற்கு முன்னரே போய்க் கேட்க வேண்டும்.

## வழி 5: அரச ஊழியரின் இடர்கடனும் சங்கக் கடனும்

ஆசிரியராகவோ அபிவிருத்தி உத்தியோகத்தராகவோ நியமனம் பெற்றவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். தகுதி பெறும் அரச ஊழியருக்குரிய இடர்கடனின் வட்டி ஆண்டுக்கு 4.2 சதவீதம். தொகைக்கு வரம்பு உண்டு. ஒதுக்கீட்டைப் பொறுத்துக் காத்திருக்கவும் நேரலாம். அது கிடைக்கும்போது வட்டி மிகக் கூடிய கடனை அதனால் அடைப்பதைவிட நல்ல பயன் வேறில்லை. சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கத்தில் ஏற்கனவே உறுப்பினராகச் சேமித்து வருபவரும் முதலில் அங்கே கேட்கலாம்.

காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறைப் பக்கங்களில் வட்டியைத் தவிர்த்து இஸ்லாமிய வங்கிமுறையை நாடுபவர்களுக்கும் மொத்தத் தொகைக் கணக்கு அப்படியே பொருந்தும். அங்கே கூடுதலாகக் கேட்க வேண்டியது, முன்கூட்டித் தீர்த்தால் எஞ்சிய இலாபப் பங்கில் தள்ளுபடி கிடைக்குமா, அது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்பது.

## ஒரே பார்வையில்

| வழி | மொத்தச் செலவு | மறைந்த செலவு | பிணை, ஈடு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| தனித்தனியே அடைத்தல் | ஒழுங்காகக் கட்டினால் குறைவு | பல இடங்களில் தாமதக் கட்டணம் | பழையவை தொடரும் | வட்டியில்லாக் கடன் உள்ளவர், போக வருமானக்காரர் |
| ஒரே தனிநபர் கடன் | காலம் நீளாவிட்டால் மட்டுமே குறைவு | முன்தீர்ப்பு, ஆவணம், காப்புறுதி | புதிய பிணையாளர்கள் | 2022, 2023இல் கூடிய நிலையான வட்டிக்கு எடுத்த, நிரந்தரச் சம்பளக்காரர் |
| நகை அடகு | ஓராண்டுக்குள் மீட்டால் நடுத்தரம் | புதுப்பித்தல் வட்டி, ஏலம் | நகை | உறுதியான பணவரவு அண்மையில் உள்ளவர் |
| காணி ஈடு | சிறு கடனுக்கு அதிகம் | நொத்தாரிசு, முத்திரைத் தீர்வை, மதிப்பீடு | குடும்பக் காணி | கல்விக் கடனுக்குப் பொருந்தாது |
| தவணை மாற்றம் | காலம் நீண்டால் கூடும் | கிரிப் பதிவு | பழையவை தொடரும் | வருமானம் தற்காலிகமாகக் குறைந்தவர் |
| இடர்கடன் | மிகக் குறைவு | காத்திருப்பு, தொகை வரம்பு | நிறுவன விதிப்படி | அரச ஊழியர் |

## நுண்நிதிக் கடனும் சேர்ந்திருந்தால்

தாய்மார் குழுக்களில் எடுத்த நுண்நிதிக் கடன் பிள்ளையின் படிப்புக்குப் போயிருப்பதைப் பல வீடுகளில் காணலாம். உரிமம் பெற்ற நிதிக் கம்பனிகளின் நுண்நிதிக் கடன்களுக்கு 2018இல் மத்திய வங்கி ஆண்டுக்கு 35 சதவீதம் என்ற உச்ச வரம்பை விதித்தது. வரம்பே அந்த உயரத்தில் நிற்கும்போது, எந்தக் கடனை முதலில் முடிப்பது என்பதில் சந்தேகம் வேண்டியதில்லை. வாராந்தத் தவணை சிறிதாகத் தெரிவதால் அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். சேர்க்கத்தக்க கடன்களின் பட்டியலில் அதுவே முதலில் நிற்க வேண்டும். கடன்களை ஒன்றாக்கித் தருவதாக முற்பணம் கேட்கும் தரகர்களையும் தொலைபேசிச் செயலிகளையும் அண்டவே வேண்டாம்.

## கையொப்பத்துக்கு முன்னும் பின்னும்

உங்கள் கிரிப் அறிக்கையை நீங்களே விண்ணப்பித்து எடுத்துப் பாருங்கள். முடிந்த கடன் முடியாததாகக் காட்டப்பட்டிருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். பழைய கடன்கள் ஒவ்வொன்றுக்கும் மீதிக் கடிதம் எடுங்கள். புதிய நிறுவனத்திடம் தவணை அட்டவணையையும் எல்லாக் கட்டணங்களின் பட்டியலையும் தமிழில் கேட்டு வாங்கி, வீட்டில் வைத்து வாசித்த பின்னரே கையொப்பமிடுங்கள். திருப்தியான பதில் கிடைக்காத முறைப்பாடுகளை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் தெரிவிக்கலாம்.

புதிய கடன் பணத்தைக் கையில் வாங்குவதைவிட, பழைய நிறுவனத்தின் பெயருக்கே நேரடியாகச் செலுத்தும்படி கேட்பது பாதுகாப்பானது; கையில் வந்த காசு கலியாண வீட்டுக்கோ கூரை வேலைக்கோ போய், பழைய கடனும் புதிய கடனும் சேர்ந்து நிற்பதை நான் கண்டிருக்கிறேன். கடன் தீர்ந்ததும் தீர்வுக் கடிதம், கொடுத்து வைத்த வெற்றுக் காசோலைகள், சம்பளக் கழிப்பை நிறுத்தும் கடிதம் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். பிணை நின்றவர்களுக்கும் தீர்வுக் கடிதத்தின் பிரதி ஒவ்வொன்றைக் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர்களுடைய அடுத்த கடன் விண்ணப்பத்துக்கு அந்தத் தாள் தேவைப்படும்.